எதைப் பிடிக்கச் செய்த கை

கதவை ஓங்கிச் சாத்துவது படிகங்களுக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது, ஆனால் என்னை யார் கேட்டார்கள்? எங்கள் ஆய்வகத்தில் படிக அறை என்று ஒன்று இருக்கிறது. சன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. குளிரூட்டி ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். அலமாரி முழுக்கப் பிளாஸ்டிக் தட்டுகள், தட்டுகளில் விரல் நுனி அளவில் கிணறுகள், ஒவ்வொரு கிணற்றின் வாயிலும் ஒரு கண்ணாடி வில்லை. அந்த வில்லையின் அடியில், இதோ விழுந்துவிடுவேன் என்று பயம்காட்டிக்கொண்டே விழாமல் தொங்கும் ஒரு துளி. துளிக்குள் புரதம். துளியின் தண்ணீர் மெல்ல மெல்லக் குறையக் குறைய, உள்ளே இருக்கும் புரதங்களுக்கு இடம் நெருக்கடியாகும். நல்ல காலம் என்றால் அவை ஒழுங்காக வரிசை கட்டி நிற்கும். அதுதான் படிகம். கெட்ட காலம் என்றால் முண்டியடித்துக்கொண்டு வெறும் கசடாகிவிடும். கழுவிக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மூக்கு நுனியில் கோபம் என்று என்னைப் பற்றி வெளியே பேச்சு. பேசட்டும். அந்த அறைக்குள் போய் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டால் எனக்குக் கோபமே வராது. பசிக்காது, நேரம் தெரியாது. துளிக்குள் வெளிச்சம் அசையும். தண்ணீருக்கு அடியில் படுத்துக்கொண்டு மேலே பார்க்கிற மாதிரி இருக்கும். பாதித் தூக்கத்தில் இருக்கிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும். சம்பளம் கொடுத்து இப்படிக் கனவு காண விடுகிறார்களே என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த அறைக்குள் என் அக்கா வந்து சேர்ந்த கதை இது. துளியாக வந்தாள்.

அக்கா ரயில் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் வேலை பார்க்கிறாள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களின் கேள்விக்குப் பதில் சொல்லியே காலம் தள்ளியவள். எந்த வண்டி, எந்த நடைமேடை, எவ்வளவு தாமதம். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, கேட்டவர் முகத்தைப் பார்த்து ஒரே வாக்கியத்தில் பதில் சொல்வாள். பிறகு, "அடுத்து" என்பாள். அந்த 'அடுத்து' வீட்டிலும் வரும். மாமா, அதாவது அவள் கணவர், சட்டைப் பொத்தான் எங்கே என்று கேட்டால் இடத்தைச் சொல்லிவிட்டு, "அடுத்து" என்பாள். மாமாவுக்கு அடுத்து கேட்க ஒன்றும் இருக்காது, பேசாமல் போய்விடுவார்.

கவுண்டரில் அவளுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. "தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. தப்பான பிளாட்பாரத்துக்கு மட்டும் ஆளை அனுப்பாத. அவங்க மூட்டையைத் தூக்கிட்டு ஓடுவாங்க." புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

அவளுக்கு முதுகுவலி வந்தது. நாற்காலியைத்தான் குற்றம் சொன்னோம். நாற்காலியை மாற்றினார்கள், வலி மாறவில்லை. கடைசியில் இரத்தத்தைச் சோதித்த மருத்துவர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். எலும்புக்குள் இருக்கும் ஒரு செல், ஒரே ஒரு செல், அளவு தெரியாமல் பெருகிவிட்டது. அந்தச் செல்லின் பரம்பரை முழுவதும் ஒரே வகை ஆன்டிபாடியைச் செய்து தள்ளிக்கொண்டிருக்கிறது. இரத்தம் முழுக்க அதுதான்.

ஆன்டிபாடி என்பது உடம்பு நோயைப் பிடிக்கச் செய்கிற புரதம். கவட்டைக் கம்பு போன்ற உருவம், கீழே ஒரு பிடி, மேலே இரண்டு கைகள். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு பள்ளம். இன்ன கிருமி என்று குறி வைத்து, அதன் உடம்பில் ஒரு மூலை சரியாக உட்காருகிற மாதிரி அந்தப் பள்ளம் அமைந்திருக்கும்.

"இவங்களோடது எதைப் பிடிக்க வந்தது?" என்று நான் கேட்டேன். தொழில் புத்தி.

"அது யாருக்குத் தெரியும். பிரயோஜனமில்லாத புரதம். சும்மா செஞ்சுக்கிட்டே இருக்கு," என்றார் மருத்துவர்.

அக்காவின் முகம் சட்டென்று மாறியதைப் பார்த்தேன். நோயின் பெயரைச் சொன்னபோதுகூட அப்படி மாறவில்லை. வெளியே வந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரயோஜனமில்லாதது எப்படி வரும்? ஆரம்பத்துல ஏதோ ஒண்ணுக்காகத்தானே செஞ்சிருக்கும்?"

"ஆமா. பெருகறதுக்கு முன்னாடி அந்த முதல் செல் ஏதோ ஒண்ணைப் பாத்திருக்கும்."

"அப்ப அது உன் காய்ச்சல்தான்."

நான் சின்னவளாக இருந்தபோது எனக்கு ஒரு காய்ச்சல் வந்ததாம். என்ன காய்ச்சல் என்று யாருக்கும் தெரியவில்லை. என்னைத் தனி அறையில் போட்டு, யாரும் கிட்டே போகக் கூடாது என்று அம்மா கட்டளை போட்டிருக்கிறாள். அக்கா எல்லோரும் அசந்த நேரம் பார்த்து உள்ளே வந்து என் போர்வைக்குள் புகுந்துகொண்டாளாம். விடிந்தபோது இருவரும் ஒன்றாகக் கிடந்தோமாம். அடி வாங்கினாள். பிறகு அவளுக்கும் லேசாகச் சுட்டது, போய்விட்டது. எனக்கு அதில் எதுவும் நினைவில்லை. அவளுக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

முதலில் அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். "உன்னால வந்த வினைடி வாலு" என்று ஆஸ்பத்திரிப் படுக்கையில் சிரித்தாள். வாலு என்பது நான்தான், அவளுக்கு மட்டும். ஆனால் மருத்துவர் பெரிய சிகிச்சையைப் பற்றிப் பேசியதும் சிரிப்பு நின்றுவிட்டது. எலும்பு மஜ்ஜையை ஒட்டுமொத்தமாகத் துடைத்துவிட்டு, அவளிடமிருந்தே முன்கூட்டி எடுத்து வைத்த செல்களைத் திரும்பச் செலுத்துவார்கள். அதன் பிறகு உடம்பு இதுவரை கற்றதெல்லாம் மறந்து போகலாம். குழந்தைக்குப் போடும் தடுப்பூசிகளை மறுபடி முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.

"அப்ப இதுவும் போயிடுமா?" என்றாள் அக்கா.

"இது போறதுக்குத்தாம்மா சிகிச்சையே," என்றார் மருத்துவர்.

அக்கா ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடவில்லை. எதற்காகச் செய்தது என்று தெரியாமல் அழிக்க விடமாட்டேன் என்றாள். மாமா கெஞ்சினார். மருத்துவர் ரொம்பத் தள்ளிப்போடக் கூடாது என்றார். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உன் வேலையே அதுதானே. அது கையில என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லு. எவ்வளவோ பேருக்கு நான் பதில் சொல்லியிருக்கேன். நான் கேக்கறது இது ஒண்ணுதான்."

படிகம் நம் அவசரத்துக்கு வளராது. சில புரதங்கள் தலைகீழாக நின்றாலும் வளர்வதில்லை. வளர்ந்தாலும், ஒரு ஆன்டிபாடியின் பள்ளத்தைப் பார்த்து மட்டும் அது எதற்கு என்று சொல்வது, ஒரு பூட்டைப் பார்த்து வீட்டுக்காரர் யாரென்று சொல்வது போல. அதையெல்லாம் விளக்கியிருக்கலாம். "சரிக்கா" என்றுதான் வாயில் வந்தது.

எங்கள் ஆய்வகத் தலைவர் நல்ல மனிதர், ஆனால் லேசில் மடங்குகிறவர் இல்லை. மருத்துவர் மூலமாக, அக்காவின் சம்மதத்தோடு, முறைப்படி இரத்தம் வந்த பிறகும் அவர் யோசித்தார்.

"இதை நீங்க பண்ண வேண்டாமே. வேற யாராவது பண்ணட்டும். பாக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு இல்லாததும் கண்ணுல தெரியும்."

"நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல சார்."

"எல்லாரும் அப்படிப்பட்ட ஆளுங்கதான்," என்றார். ஆனால் விட்டுக்கொடுத்தார்.

முழு ஆன்டிபாடி ஆடிக்கொண்டே இருக்கும், வரிசையில் நிற்காது. அதனால் வெட்ட வேண்டும். பப்பாளிப் பாலில் ஒரு நொதி இருக்கிறது, அதைக் கொஞ்சம் சேர்த்தால் கவட்டையின் கழுத்தில் கச்சிதமாக வெட்டிவிடும். பிடி தனி, கைகள் தனி. கைகளை மட்டும் பிரித்தெடுத்து வைத்துக்கொண்டேன். கண்ணாடிக் குப்பியின் அடியில் நிறமில்லாமல் கொஞ்சம் தண்ணீர் போல இருந்தது. என் அக்கா. குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, யாரும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, "வாக்கா" என்றேன்.

அவள் வரவில்லை. ஒரு தட்டு முழுக்கக் கசடு. அடுத்த தட்டில் துளிகள் ஒன்றுமே நடக்காதது போலத் தெளிவாக இருந்தன. துளியின் உப்பை மாற்றினேன், அமிலப் புளிப்பை மாற்றினேன். பதில் சொல்ல மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி இருந்தது. மாமா தினமும் போன் செய்தார். "வளந்துச்சாம்மா?" என்பார். செடியைப் பற்றிக் கேட்பது போல. இல்லை என்றால் பெருமூச்சு விட்டு வைத்துவிடுவார்.

அந்த நாட்களில்தான் கனவு வந்தது. சாப்பிட்ட பிறகு படிக அறை நாற்காலியில் கண் அசந்தேன். ஒரு ரயில் நிலையம். நடைமேடைகள் இல்லை, வண்டிகள் இல்லை, விசாரணைக் கவுண்டர்கள் மட்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசை வரிசையாக, மேலேயும் கீழேயும்கூட, ஒரே அளவுக் கவுண்டர்கள். ஒவ்வொன்றிலும் என் அக்கா. எல்லா அக்காவும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, கண்ணாடித் துளை வழியாக ஒரே மாதிரி கையை வெளியே நீட்டியிருந்தார்கள். உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது. ஏதோ கொடுக்க வேண்டும் என்று தெரிந்தது. என் பைகளைத் துழாவினேன், ஒன்றுமே இல்லை. எந்த அக்காவும் கோபப்படவில்லை. விழித்தபோது முகம் நனைந்திருந்தது. கதவருகே எங்கள் ஐஸ்காரர் நின்றிருந்தார்.

ஐஸ்காரர் என்றால் திரவ நைட்ரஜனைக் கையாள்கிற சக ஊழியர். படிகங்களை உறைய வைப்பதும் எக்ஸ்ரேயில் ஏற்றுவதும் அவர் பொறுப்பு. கதவை ஓசைப்படாமல் சாத்தத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் அவரோடு மட்டும் எனக்குச் சண்டை கிடையாது.

"மேடம், கீழ்த்தட்டுல ஒரு துளியில தூசி மாதிரி ஏதோ இருக்கு. தூசி இல்லன்னு நினைக்கறேன்."

பார்த்தேன். தூசியேதான், ஆனால் ஒவ்வொரு தூசிக்கும் முனை இருந்தது. ஊசி போன்ற குட்டிப் படிகங்கள், எதற்கும் உதவாத அளவு. ஆனால் விதைக்கு ஆகும். ஒரு மெல்லிய முடியால் அந்தக் குட்டிகளைத் தொட்டு, அதே முடியால் புதிய துளிக்குள் ஒரு கோடு இழுத்தால், முடியில் ஒட்டிய துகள்கள் அங்கே உதிர்ந்து, அந்தக் கோட்டிலேயே வளரும். எங்கள் தொழிலில் இதற்குப் பூனை மீசை வைத்திருப்பார்கள். ஐஸ்காரரின் பூனை உதிர்த்த மீசைகள் ஒரு சின்ன டப்பாவில் எங்களிடமும் உண்டு.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அக்காவிடம் இதைச் சொன்னேன். மருந்துகளால் அவள் உதடு வெடித்திருந்தது. மாமா ஒரு சின்னப் பாட்டிலிலிருந்து கிளிசரினைப் பஞ்சில் தொட்டு அவள் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

"பூனை மீசையா?" என்றாள் அக்கா. "என் விஷயத்துல பூனைக்கு என்ன வேலை?" தலையணையில் சாய்ந்தபடியே காதோரம் துழாவி ஒரு முடியைப் பிடுங்கி நீட்டினாள். பாதி கறுப்பு, பாதி நரை. "இந்தா. எப்படியும் கொட்டத்தான் போகுது. போறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யட்டும்."

மாமா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் முடியைக் கைக்குட்டையில் மடித்து வாங்கிக்கொண்டேன்.

நரைத்த பாதியைத்தான் பயன்படுத்தினேன், அதுதான் கொஞ்சம் விறைப்பாக இருந்தது. கழுவி, உலர்த்தி, தூசித் துளியைத் தொட்டு, புதிய துளியில் ஒரு கோடு இழுத்தேன். கை நடுங்கியதால் கோடு வளைந்துவிட்டது. தட்டை மூடி வைத்துவிட்டுக் கதவில் 'மெதுவாக' என்று எழுதி ஒட்டினேன். தலைவர்கூட அந்தப் பக்கம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். என்னைக் கேலி செய்யத்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு ஒரு காலையில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபோது அந்த வளைந்த கோடு இருந்தது. கோடு முழுக்க, மணி கோத்த மாதிரி, படிகங்கள். தட்டையான சின்னப் பலகைகள், ஓரங்கள் கூர்மையாக, ஒளியைத் திருப்பத் திருப்ப நீலமும் மஞ்சளுமாக மினுங்கின. என் கை நடுங்கிய இடத்தில் அவையும் வளைந்து போயிருந்தன. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. யாரோ கதவை அறைந்தார்கள், நான் திட்டவில்லை.

ஐஸ்காரர் நைலான் வளையத்தால் ஒவ்வொன்றாக மீன் பிடிப்பது போல் அள்ளினார். உறைய வைப்பதில் ஒரு ஆபத்து உண்டு. படிகத்துக்குள் பாதி தண்ணீர்தான். அப்படியே நைட்ரஜனில் முக்கினால் தண்ணீர் பனிக்கட்டியாகி, படிகம் விரிசல் விட்டு உடைந்துவிடும். அதனால் முதலில் ஒரு காப்புத் திரவத்தில் நனைப்போம். அதை அன்று நானே கலந்து கொடுத்தேன். பிறகு குளிர், பிறகு எக்ஸ்ரே. படிகத்தில் பட்டுச் சிதறிய கதிர்கள் திரையில் புள்ளிகளாக விழுந்தன. வட்டம் வட்டமாக, ஒழுங்காக, அடங்கவே அடங்காமல் வந்துகொண்டிருந்தன. ஐஸ்காரர் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

புள்ளிகளிலிருந்து கணிப்பொறி ஒரு வரைபடம் போட்டுக் கொடுக்கும். நீலக் கம்பி வலை போன்ற ஒன்று இருட்டில் மிதக்கும். புரதம் இருக்கும் இடத்தில் வலை இருக்கும். அதற்குள் நாம் அணுக்களைக் கோத்துக்கொண்டே போக வேண்டும். மற்ற மனிதர்களின் ஆன்டிபாடிக் கைகள் ஏற்கெனவே நிறையத் தெரிந்திருப்பதால், உடல் பகுதி மளமளவென்று உட்கார்ந்துவிட்டது. நுனிதான் அவளுடையது, வேறு யாருக்கும் இல்லாதது. இரண்டு புரதச் சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து, ஆறு சுருக்குகளாக வளைந்து, நடுவில் ஒரு பள்ளத்தை விட்டு நின்றன. நான் வலைக்குள் மெல்ல நடந்து போனேன். கணிப்பொறி மவுஸை ஆள்காட்டி விரலால் உருட்டுவதுதான் நடை. அந்தச் சுவர்களின் ஒவ்வொரு வளைவும் எனக்குப் பழகிய வீடு போல இருந்தது. பள்ளத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன்.

உள்ளே ஏதோ இருந்தது.

சின்னதாக, நான் வைக்காத ஒரு நீலத் திட்டு, பள்ளத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது. அவள் கை எதையோ பிடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வெட்டு, கழுவல், உறைதல் எல்லாவற்றையும் தாண்டிப் பிடித்த பிடியை விடாமல் இருந்தது.

அடுத்த சில நாட்கள் நான் தரையில் நடக்கவில்லை. வலையின் அளவை மாற்ற ஒரு திருகு உண்டு. ஒரு பக்கம் திருப்பினால் வலை மெலியும், மறுபக்கம் திருப்பினால் கொழுக்கும். கொழுக்க விட்டால் மேகத்தில் யானை தெரிகிற மாதிரி நினைத்ததெல்லாம் தெரியும். இது எனக்குத் தெரியாததா? தெரிந்துதான் திருப்பினேன். திட்டு நீண்டது, வால் முளைத்தது. அதில் ஒரு கிருமியின் புரதத் துணுக்கைப் பொருத்தினேன், உட்கார்ந்தது. கண்ணை மூடினால் போர்வைக்குள் இரண்டு சின்னப் பெண்கள் படுத்திருந்தார்கள். அவளுடைய மூச்சு என் கழுத்தில் பட்டது. எனக்கு நினைவே இல்லாத ஒன்று அப்படி நினைவுக்கு வந்தது.

அக்காவிடம் ஓடினேன். "அது கையில ஏதோ இருக்குக்கா."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். நோய் வந்த பிறகு அவள் அவ்வளவு வேகமாக எழுந்ததே இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரரிடம், மருந்து கொண்டுவந்த நர்ஸிடம், "என் தங்கச்சி பாத்துட்டா, ஏதோ பிடிச்சுக்கிட்டிருக்காம்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உன் காய்ச்சலா?"

"இருக்கலாம்க்கா."

"இருக்கலாம்னு ஒரு பிளாட்பாரம் கிடையாது," என்றாள். கண் பளபளவென்றிருந்தது. "பாத்துட்டு வந்து சொல்லு. சொன்ன கையோட கையெழுத்துப் போடறேன்."

மாமா என்னை வாசல்வரை கொண்டுவிட வந்தார். படிக்கட்டில் நின்றார். "நீ காய்ச்சல்தான்னு சொல்லிடேம்மா. யாருக்கு என்ன நஷ்டம்? அவ நிம்மதியா உள்ள போவா." அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அவர் சொன்னதில் தப்பும் தெரியவில்லை. சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

தலைவர் என் மேசையருகே நின்று திரையை நெடுநேரம் பார்த்தார். திருகைத் தொட்டு வழக்கமான அளவுக்குத் திருப்பினார். வால் மறைந்தது. திட்டு மறுபடி சின்னதானது. மூன்று சின்னப் புடைப்புகள், அவ்வளவுதான்.

"உறைய வைக்கும்போது எதுல நனைச்சீங்க?"

பதில் சொல்லத் தேவை இல்லை, எனக்கே அப்போது முகத்தில் அறைந்தாற்போல் விளங்கிவிட்டது. ஆனாலும் அடம் பிடித்தேன். அவர் குரலை உயர்த்தாமல், "வேற ஒண்ணுல நனைச்சுப் பாருங்க. அப்பவும் இருந்தா நானே வந்து உங்க அக்காகிட்ட சொல்றேன்," என்றார்.

ஐஸ்காரர் இன்னொரு படிகத்தை அள்ளினார். இந்த முறை எண்ணெயில் நனைத்தோம். அதே குளிர், அதே எக்ஸ்ரே, அதே புள்ளிகள். வரைபடம் வந்ததும் நான் மறுபடி அந்தச் சுவர்களுக்கு நடுவே நடந்து போனேன். ஆறு சுருக்குகளும் அப்படியே இருந்தன. பள்ளம் அப்படியே இருந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை. தண்ணீர் மூலக்கூறு இரண்டு மூன்று நின்றது, எல்லாப் பள்ளத்திலும் நிற்கிற தண்ணீர். திருகை எவ்வளவு கொழுக்கத் திருப்பியும் எதுவும் வரவில்லை.

படிக அறைக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். எனக்குக் கோபம் வராத அறையில் அன்று எல்லார் மேலும் கோபம் வந்தது. அந்தப் புரதத்தின் மேல், தலைவர் மேல், எதற்கோ செய்துவிட்டு எதற்கென்று சொல்லாத உடம்பின் மேல். இத்தனை பேர் மெதுவாக நடந்து, கதவை மெதுவாகச் சாத்தியும், கடைசியில் அது கையை விரித்துக் காட்டியிருந்தது.

அக்கா எனக்காகத் தலையைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்காலியைக்கூட எனக்குப் போட்டு வைத்திருந்தாள். மாமா பஞ்சையும் பாட்டிலையும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சொல்லிவிடு என்று அந்தப் பார்வை கெஞ்சியது. நானும் வழி முழுக்க அந்த வாக்கியத்தைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். ஆமாக்கா, காய்ச்சல்தான். இவ்வளவுதான் வாக்கியம்.

"தெரியலக்கா," என்றேன்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். அக்கா என்னையே பார்த்தாள். கவுண்டரில் அவள் கேட்டவர் முகத்தைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"எதுக்காகச் செஞ்சதுன்னு தெரியல. என் காய்ச்சலா இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். அந்தப் பள்ளம் காலிக்கா. நான் பாத்தது தப்பு."

"ஏதோ இருந்துச்சுன்னு சொன்னியே?"

"இருந்தது நாங்க வச்சது. படிகத்தை உறைய வைக்கறதுக்கு முன்னாடி கிளிசரின்ல நனைச்சோம். நான்தான் கலந்து குடுத்தேன். அதுல கொஞ்சம் உள்ள போய் உக்காந்திருக்கு. அதுல நனைக்காதப்ப இல்ல."

அவள் மாமாவின் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். "இந்தக் கிளிசரினா?"

"அதேதான்."

"எதுக்கு நனைக்கணும்?"

"குளிர்ல உடையாம இருக்க."

அக்கா தலையணையில் சாய்ந்தாள். வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அவள் நம்பியிருந்த ஒன்றை என் கையாலேயே பிடுங்கிவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"வாலு," என்றாள். "அப்ப அதுக்கு வேற எதுவும் கிடைக்கல. உடையக் கூடாதுன்னு நீ அதுக்குக் குடுத்ததை மட்டும் பிடிச்சு வச்சிருந்திருக்கு."

"ஆமாக்கா."

"நான் போர்வைக்குள்ள வந்தப்ப என்கிட்ட மருந்தா இருந்துச்சு? வெறுங்கையோடதானேடி வந்தேன்."

மாமா பஞ்சைக் கிளிசரினில் தொட்டு என்னிடம் நீட்டினார். ஏன் என்னிடம் கொடுத்தார் என்று தெரியாது. வெடித்திருந்த அந்த உதட்டில் மெதுவாக, ஓரம் ஓரமாக வைத்தேன். முடித்துக் கையை எடுக்கப் போனபோது அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். கை மெலிந்து போயிருந்தது, பிடி மெலியவில்லை.

"அந்தத் தாளைக் கொண்டாங்க," என்றாள் மாமாவிடம்.

அவர் தடுமாறிக்கொண்டு ஓடிப்போய் வாங்கி வந்தார். பேனாவை அவரே திறந்து கொடுத்தார். அக்கா வலது கையால் கையெழுத்துப் போட்டாள். இடது கை என் விரலை விடவில்லை. எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. தாளை அவரிடம் நீட்டிவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவள் போல நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"அடுத்து," என்றாள்.